எந்த நாள் ஆஃப்?

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சிறுசேரி சிப்காட் வளாகம் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். அதே இரண்டு நாளில் வெளியே பழைய மாமல்லபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.), நாவலூர் தொடங்கி கேளம்பாக்கம் வரை, கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. கணினி நிறுவன ஊழியர்களின் வார விடுமுறைதான் துணிக்கடை, சூப்பர் மார்க்கெட், மால் ஊழியர்களுக்கு உச்ச வேலை நேரம். தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் ஜி.எஸ்.டி. சாலைக் கடைகளிலும் கதை இதுதான். ஒருவர் ஓய்ந்திருக்க இன்னொருவர் உழைக்கிறார் என்பதில் தப்பு ஒன்றுமில்லை. பேருந்தும் மருத்துவமனையும் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் இதனால் கடைத் தொழிலாளியின் கேள்வி ஒரு படி மாறிவிடுகிறது. வாரம் ஒரு நாள் ஆஃப் உண்டா என்று கேட்டு நிறுத்திக்கொண்டால் போதாது, அது எந்த நாள் என்றும் கேட்க வேண்டும். ஞாயிறு காலை ஆராதனைக்குப் போக வேண்டியவருக்குச் செவ்வாய்க்கிழமை கிடைக்கும் ஆஃப் உடம்புக்கு மட்டுமே உதவும். நாளைக்கு ஆஃப் என்பது இன்றிரவு வாட்ஸ்அப்பில் தெரிந்தால், குலதெய்வக் கோயில் கொடைக்கு ரயில் டிக்கெட் எடுக்க முடியாது. நம் சட்டத்தில் தனியார் கடை ஊழியருக்கு மத வழிபாட்டுக்கென்று தனி விடுப்புரிமை எதுவும் இல்லை. அதற்காக முதலாளியின் கருணையை நம்பிக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஓய்வுக்கான உரிமைகள் போதுமான அளவு இருக்கின்றன. அவற்றை நாள் குறித்து, முன்கூட்டியே, எழுத்தில் வாங்கிவிட்டால் வழிபாட்டுக்கான இடம் அவற்றுக்குள்ளேயே கிடைத்துவிடும். அது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

அடித்தளம் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். ஒரு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம். நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதானால் நடுவில் ஒரு மணி நேர இடைவேளை. வேலையும் இடைவேளையும் சேர்ந்து 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். இவற்றோடு 11ஆம் பிரிவு இரண்டு வேறு கடமைகளைச் சொல்கிறது. கடை வாரத்தில் ஒரு நாள் முழுவதும் மூடியிருக்க வேண்டும், அது எந்த நாள் என்று கடையிலேயே எல்லோரும் பார்க்கும்படி அறிவிப்பு தொங்க வேண்டும், அந்த நாளை மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் மாற்றக் கூடாது, இது முதலாவது. ஒவ்வொரு ஊழியருக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை தர வேண்டும் என்பது இரண்டாவது. அந்த நாளுக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கூடாது. தினக்கூலிக்காரருக்கும் விடுமுறை நாளின் கூலி உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் மாற்றலாம் என்ற சின்ன விதியைப் பலர் கவனிப்பதில்லை. இந்த அத்தியாயத்துக்கு அதுதான் மிக முக்கியம். 1947இல் சட்டம் எழுதியவர்கள் ஓய்வைத் தந்ததோடு விடவில்லை. அது என்றைக்கு வரும் என்று தொழிலாளிக்கு முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் யோசித்திருக்கிறார்கள்.

அந்த ஏற்பாட்டை 2019 மே மாத இறுதியில் வந்த அரசாணை பெரிய கடைகளின் விஷயத்தில் மாற்றியது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் ஆண்டின் எல்லா நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று மூன்றாண்டுக்கு அனுமதி தரப்பட்டது. 2022இலும் 2025இலும் அது நீட்டிக்கப்பட்டது. அனுமதி சும்மா தரப்படவில்லை, நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொருவருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும். இன்று யார் விடுமுறை என்ற பட்டியலைக் கடையில் அன்றாடம் ஒட்ட வேண்டும். சம்பளம் வங்கிக் கணக்கில் போக வேண்டும். ஓ.டி. சேர்த்தும் ஒரு நாளில் பத்தரை மணி நேரத்தையும் வாரத்தில் 57 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது. பெண்களைச் சாதாரணமாக இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. எழுத்தில் சம்மதம் பெற்று, பாதுகாப்பும் போக்குவரத்தும் கொடுத்தால்தான் முடியும். விடுமுறை நாளில் ஒருவர் வேலை செய்வது தெரியவந்தால் முதலாளி மீது நடவடிக்கை எடுக்கலாம். காகிதத்தில் பார்த்தால் தொழிலாளி எதையும் இழக்கவில்லை. நடைமுறையில் ஒன்றை இழந்தார். கடை மூடியிருந்த காலத்தில் எல்லோருக்கும் ஒரே நாள் ஓய்வு, அது எந்த நாள் என்று ஊருக்கே தெரியும். சுழற்சி வந்ததும் அந்த நாளைத் தீர்மானிக்கும் அதிகாரம் டூட்டி சார்ட் போடும் சூப்பர்வைசர் கைக்குப் போய்விட்டது. ஆஃப் பறிபோகவில்லை, அதன் மீதிருந்த பிடி போய்விட்டது.

இந்த இடத்தில் மதச் சுதந்திரத்தின் பெயரால் கேட்கலாமே என்று தோன்றும். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு எல்லோருக்கும் மத வழிபாட்டுரிமை தருகிறது, உண்மைதான். ஆனால் அது முதன்மையாக அரசை நோக்கிப் பேசுகிறது. தனியார் கடை முதலாளி ஞாயிறு டூட்டி போட்டதற்காக அதைக் காட்டி நேராக வழக்காடுவது கடினம். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கடைக்குள் நுழையும் வாடிக்கையாளரை மதம், சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்று 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு தனியார் கடைகளுக்கும் சேர்த்தே சொல்கிறது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு அந்தக் காப்பு உண்டு, அந்தப் பக்கம் நிற்பவரைப் பற்றி அந்த உட்பிரிவு வாய் திறக்கவில்லை. அமெரிக்காவில் நிலை வேறு. அங்கே 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தில் 1972இல் செய்த திருத்தத்தின்படி, பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஊழியரின் மத வழக்கத்துக்கு முதலாளி இடம்கொடுத்தாக வேண்டும், தொழிலுக்குப் பெரும் சுமையானால் தவிர. ஞாயிறுகளில் அமேசான் பொட்டலம் கொண்டுசெல்ல மறுத்த கிராஃப் என்ற கிறிஸ்தவ அஞ்சல் ஊழியரின் வழக்கில் 2023 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இந்தக் கடமையை மேலும் இறுக்கியது: ஏதோ கொஞ்சம் சிரமம் என்று சொல்லி முதலாளி தப்ப முடியாது, கணிசமான கூடுதல் செலவு என்று காட்ட வேண்டும்.

அதுபோல் இங்கேயும் ஒரு சட்டம் வரவேண்டும் என்று கேட்பது நியாயமே. ஆனால் அந்த வழியின் பலவீனத்தையும் அதே நாட்டின் ஒரு கடை ஊழியரின் வழக்கே காட்டுகிறது. கனெக்டிகட் மாநிலத்தில் கால்டர் என்ற பல்பொருள் அங்காடியில் ஒரு பிரிவுக்கு மேலாளராக இருந்த தார்ன்டன், தன் ஓய்வு நாளான ஞாயிறில் வேலை செய்ய மறுத்தார். எந்த மதத்தவரும் தன் புனித நாளில் வேலை செய்ய மறுக்கலாம் என்று அந்த மாநிலச் சட்டம் சொன்னது. 1985இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. உடன் வேலை செய்பவர்களின் நிலை என்ன, கடையின் நிலை என்ன என்று எதையும் பார்க்காமல் மதக் காரணம் சொன்னவருக்கு மட்டும் முழு உரிமை தருவது அரசு மதத்துக்குச் சார்பாக நிற்பதாகும் என்பது தீர்ப்பின் சாரம். மதத்தைக் காரணமாக வைத்து எழுதும் உரிமையில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. யாருடைய பக்தி உண்மையானது என்று யாரோ ஒருவர் தீர்ப்பளிக்க வேண்டியிருக்கும். நம் ஊரில் அந்த யாரோ ஒருவர் ஃப்ளோர் மேனேஜராக இருப்பார். போன மாதம் சினிமாவுக்குப் போனாயே, இந்த மாதம் மட்டும் என்ன சர்ச் என்று அவர் கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கப் போவதில்லை.

இங்கிலாந்தும் வேல்ஸும் எடுத்த வழி எனக்கு இதைவிட உகந்ததாகப் படுகிறது. 1994இல் பெரிய கடைகள் ஞாயிறில் திறக்க அனுமதி தந்தபோது, கடைத் தொழிலாளர் முன்னறிவிப்பு கொடுத்து ஞாயிறு வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே தந்தார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தேவாலயத்துக்குப் போகிறவரும், பிள்ளைகளோடு வீட்டில் இருக்க விரும்புகிறவரும் ஒரே உரிமையைப் பயன்படுத்தலாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இதே தடத்தில்தான் போகிறது. 1921ஆம் ஆண்டின் வார ஓய்வு உடன்படிக்கையை இந்தியா 1923இலேயே ஏற்றது, அது ஆலைகளுக்கானது. வணிகத்துக்கும் அலுவலகங்களுக்கும் 1957இல் வந்த உடன்படிக்கை, வார ஓய்வு நாள் முடிந்தவரை அந்த வட்டாரத்தின் மரபான ஓய்வு நாளோடு பொருந்த வேண்டும் என்றும், சிறுபான்மை மதத்தவரின் வழக்கங்கள் முடிந்தவரை மதிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. ஓய்வு எல்லோருக்கும் பொது, அதை வைக்கும் நாளைத் தேர்வதில் மதத்துக்கு ஓர் இடம் என்பதே அதன் போக்கு. இங்கே தனிச் சட்டம் வரும்வரை நீங்கள் கடையில் பேசும்போதும் இந்த வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் ஓய்வு, பிறகு நாள். காரணம் கேட்டால் சொல்லுங்கள், சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நினைக்காதீர்கள்.

செய்ய வேண்டியதற்கு வருவோம். வார விடுமுறையை வாய்மொழியாகக் கேட்காதீர்கள், அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ‘பில்லிங் பிரிவில் வேலை செய்யும் எனக்கு ஜனவரி முதல் மார்ச் வரை மூன்று மாதத்துக்கு வார விடுமுறையை ஞாயிற்றுக்கிழமையாக நிர்ணயிக்க வேண்டுகிறேன். கடைக்கு மிகவும் தேவைப்படும் ஞாயிறுகளில் பிற்பகல் இரண்டு மணிக்கு வேலைக்கு வருகிறேன். அந்த வாரத்தில் வேறொரு முழு நாளை விடுமுறையாகத் தர வேண்டுகிறேன்’ என்ற அளவு போதும். மூன்று மாதம் என்று கேட்பதற்குக் காரணம், கடையின் மூடும் நாளைப் பற்றி 1947 சட்டம் வைத்த கால அளவு அதுதான். தனி ஊழியரின் சுழற்சிக்கு அது நேரடியாகக் கட்டாயமில்லை என்றாலும், சட்டத்தின் உள்ளேயே இருக்கும் ஓர் அளவுகோலைக் கேட்பது பேரத்தில் பலம். பிற்பகல் இரண்டு மணி என்பது வெறும் பணிவும் இல்லை. பெரும்பாலான ஞாயிறு ஆராதனைகள் காலையில் முடிந்துவிடும். கடைக் கூட்டமோ மாலையில்தான் ஏறும். இரண்டுக்கும் மோதலே இல்லாத நாள்கள் பல உண்டு, யாரும் உட்கார்ந்து கணக்குப் போடாததால் மோதல் போலத் தெரிகிறது. கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் அதையே அலுவலக மின்னஞ்சலுக்கோ, மேலாளரின் வாட்ஸ்அப்புக்கோ படமெடுத்து அனுப்பிவிடுங்கள். தேதியோடு பதிவாகிவிடும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு விடுமுறையே தேவையில்லை, இடைவேளையைச் சரியாக வைத்தால் போதும். காலை ஒன்பதரைக்கு வேலை தொடங்குபவருக்கு, நான்கு மணி நேர விதியின்படி ஒன்றரைக்குள் ஒரு மணி நேர இடைவேளை தொடங்கியாக வேண்டும். வெள்ளியன்று மட்டும் அதைப் பன்னிரண்டே முக்காலுக்கோ ஒரு மணிக்கோ, அந்தந்தப் பள்ளிவாசல் நேரத்துக்கேற்ப, நகர்த்தித் தரச் சொல்வதில் கடைக்கு ஒரு நிமிடம்கூட நட்டமில்லை. ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் கேட்பதும் இப்படியே. அந்த மாதம் மதியச் சாப்பாடு இல்லை என்பதால் இடைவேளையை இரண்டாகப் பிரித்துக்கொள்ள நீங்களே முன்வரலாம். எல்லா வழிபாட்டுக்கும் இவ்வளவு சுலபமாகத் தீர்வு கிடைக்காது. ஏழாம் நாள் ஓய்வைக் கடைப்பிடிக்கும் அட்வென்டிஸ்ட் சபையினருக்கு வெள்ளி அந்தியிலிருந்து சனி அந்திவரை வேலை கூடாது. ஓ.எம்.ஆரில் சனிக்கிழமை முழுக்கக் கடையை விட்டு விலகியிருப்பது கடினமான பேரம். அவர்கள் வேலைக்குச் சேரும் நாளிலேயே இதைப் பேசி, பணி நியமனக் கடிதத்தில் சனிக்கிழமை விடுமுறை என்று எழுதி வாங்கிவிடுவது நல்லது. சேர்ந்த பிறகு கேட்டால் சலுகையாகிவிடும், சேரும்போது எழுதியிருந்தால் அது ஒப்பந்தம்.

பண்டிகைகளுக்கு வேறு சட்டம் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டம் பெயரில்தான் தொழிற்சாலை வாடை அடிக்கிறது. கடைகளுக்கும் அது பொருந்தும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களோடு ஐந்து பண்டிகை நாள்களும் சம்பளத்தோடு விடுமுறை. அந்த ஐந்து எவை என்பதை ஆய்வாளர், முதலாளியோடும் தொழிலாளரோடும் கலந்து பேசி முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். இந்தக் கலந்து பேசுதலைத் தொழிலாளர்கள் வீணாக விட்டுவிடுகிறார்கள். பட்டியலை ஹெச்.ஆர். தயாரிக்கிறார், அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார், முடிந்தது. உங்கள் கடையில் தென் மாவட்டத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் என்றால் பொங்கலுக்கு அடுத்த நாளும் அந்த ஐந்தில் வரலாம். கிறிஸ்தவர், முஸ்லிம் ஊழியர்கள் இருந்தால் கிறிஸ்துமஸும் ரமலானும் வரலாம். புத்தாண்டு பிறந்தபின் பேசிப் பயனில்லை. நவம்பர், டிசம்பரிலேயே பத்துப் பேர் கையெழுத்திட்டு உங்கள் ஐந்து நாள்களை எழுதிக் கொடுங்கள். விடுமுறை நாளில் வேலைக்கு வரச் சொன்னால் முன்னதாகவே எழுத்தில் அறிவிக்க வேண்டும். இரட்டைச் சம்பளமோ, அன்றைய சம்பளத்தோடு சம்பளத்துடன் கூடிய மாற்று விடுமுறையோ தர வேண்டும்.

ஐந்து நாள் எங்கே போதும்? ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் மாதம், கடைகளில் ஆடித் தள்ளுபடி மாதம். தீபாவளிக்கு முந்தின இரவுவரை கவுண்டரில் நின்றுவிட்டுக் கிளாம்பாக்கம் ஓடி பஸ் பிடிப்பவருக்குப் பண்டிகை நாள் விடுமுறை பயணத்திலேயே கரைந்துவிடுகிறது. இதற்குக் கைகொடுப்பவை 1947 சட்டத்தின் 25ஆம் பிரிவு தரும் விடுப்புகள். ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு 12 நாள் ஈட்டிய விடுப்பு உண்டு, அதை 24 நாள் வரை சேர்த்துவைக்கலாம். அதோடு நியாயமான எந்தக் காரணத்துக்கும் 12 நாள் தற்செயல் விடுப்பு, நோய்க்கு 12 நாள். காது குத்து, பங்குனி உத்திரம், வேளாங்கண்ணி நடைப்பயணம், சபரிமலை எல்லாமே நியாயமான காரணங்கள்தாம். சபரிமலைக்கு மாலை போட்டவருக்குக் கறுப்பு வேட்டி, தாடி, வெறுங்கால் என்று சீருடை விதியோடும் உரசல் வரும். தலைக்கு முக்காடு போடும் பெண்ணுக்கும் அப்படியே. தனியார் கடையின் சீருடை விஷயத்தில் சட்டத்தின் துணை மெலிது. சீருடை நிறத்திலேயே முக்காடு, விரத நாள்களில் கிடங்கிலோ பொருள் அடுக்கும் இடத்திலோ வேலை என்று மாற்று யோசனையை நீங்களே கொண்டுபோனால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

இனி எதிர்வாதங்கள். முதலாளிகள் சொல்வது: ஞாயிறு வியாபாரம்தான் வாரச் செலவைத் தாங்குகிறது, அன்றைக்கு ஆளில்லாவிட்டால் கடையை எதற்குத் திறப்பது? இது பொய்யான கவலை இல்லை. ஆன்லைன் விற்பனை வாடிக்கையாளரைப் பங்குபோட்டபின் சிறு ஜவுளிக் கடைக்கு ஞாயிறு இன்னும் பெரிதாகிவிட்டது. ஆனால் 40 பேர் வேலை செய்யும் கடையில் ஞாயிறு ஆஃப் கேட்பவர் நால்வர் என்றால், மற்ற 36 பேரின் ஆஃபை வாரத்தின் மற்ற ஆறு நாளில் பிரிப்பது ஒரு சூப்பர்வைசரின் அரை மணி நேர வேலை. நாற்பது பேரும் ஞாயிறு கேட்டால்தான் சிக்கல். அப்போது நான்கு ஞாயிறில் ஒன்று என்ற சுழற்சி எல்லோருக்கும் நியாயம். மூன்று பேர் மட்டும் வேலை செய்யும் கடையென்றால் 2019 ஆணை அதற்குப் பொருந்தாது. வாரம் ஒரு நாள் மூட வேண்டும் என்ற பழைய விதியே நிற்கிறது. தனியாகக் கடை நடத்தும் அண்ணாச்சிக்கும் அந்த ஒரு நாள் ஓய்வு தேவைதான், அவர் ஒப்புக்கொள்ளமாட்டார் என்றாலும்.

உடன் வேலை செய்பவரின் எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. அவனுக்கு ஞாயிறு சர்ச் என்றால் என் ஞாயிறு யாருக்குப் போயிற்று? கால்டர் வழக்கில் நீதிமன்றம் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். மதத்தைச் சொல்லி நாளைப் பெறுகிறவர் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். கைமாற்றிக்கொள்வதே நல்ல பதில். கிறிஸ்தவ ஊழியர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் டூட்டி எடுக்க, இந்து ஊழியர் கிறிஸ்துமஸ் அன்றும் ஞாயிறு காலையிலும் நிற்க, முஸ்லிம் ஊழியர் இந்தப் பண்டிகைகளில் எல்லாம் உதவி, ஈத் அன்று விடுபட, எல்லாம் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி மேலாளரின் ஒப்புதலோடு நடந்தால் யாருக்கும் மனக்குறை வராது. பல மதத்தவர் சேர்ந்து வேலை செய்யும் கடைக்கு இதில் ஒரு வசதியே இருக்கிறது, எல்லோரும் ஒரே நாளைக் கேட்பதில்லை. மதத்தை வேலையிடத்துக்குள் கொண்டுவருவது பிரிவினை என்று சிலர் அஞ்சுகிறார்கள். கமுக்கமாகத் தரும் சலுகைதான் சந்தேகத்தையும் பிரிவினையையும் வளர்க்கும். பலகையில் ஒட்டிய பட்டியல் வளர்க்காது.

மூன்றாவது எதிர்ப்பு தொழிலாளியிடமிருந்தே வரும்: ஆஃப் வேண்டாம், அன்றைக்கும் வேலை செய்தால் காசாவது வரும். வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டுபவரிடம் ஓய்வின் அருமையைப் பேசுவது எளிது, கேட்பது கடினம். ஆனாலும் கணக்கைப் பார்க்கச் சொல்வேன். கூடுதல் நேரத்துக்குச் சட்டம் சொல்வது இரட்டைச் சம்பளம். ஆஃப் நாளில் வந்தால் ஒரு நாள் சம்பளம் என்று மட்டும் தருகிற கடை, ஓய்வையும் எடுத்துக்கொள்கிறது, கூலியில் பாதியையும் எடுத்துக்கொள்கிறது. இதன் மறுபக்கமாக, ஞாயிறு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் கட் என்ற வழக்கம் உங்கள் கடையில் இருந்தால் அது சட்டத்துக்குப் புறம்பு. வராத காலத்தின் அளவுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் சொன்னது. அதன் இடத்துக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் மாட்டிக்கொள்ளாதீர்கள். பத்து பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துக்கொண்டு, முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வராமலிருந்தால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம். கோபத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு ஞாயிறு மட்டம் போடுவது முதலாளிக்கு நீங்களே எடுத்துக் கொடுக்கும் ஆயுதம்.

கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் இவை எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது என்று 1947 சட்டத்தின் 41ஆம் பிரிவு சொல்கிறது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் காலக்கெடு குறுகியது, ஒத்திப்போடக் கூடாது. ஏஜென்சி மூலம் வந்து கம்பெனிப் பொருளை விற்கும் ப்ரமோட்டர்களுக்கு யாரிடம் கேட்பது என்பதே குழப்பம். கோரிக்கையை ஏஜென்சிக்கும் கடைக்கும் இரண்டு பிரதியாகக் கொடுங்கள். மேலாண்மைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதால், சம்பளத்தை ஏற்றாமல் ‘அசிஸ்டென்ட் மேனேஜர்’ என்று பெயரை மட்டும் ஏற்றுகிற கடைகளில் கவனமாக இருங்கள். செய்யும் வேலை என்ன என்பதுதான் கணக்கில் வரும். பொருந்துமா பொருந்தாதா என்ற கேள்வி எழுந்தால் 51ஆம் பிரிவின்படி தொழிலாளர் ஆணையர் தீர்மானிப்பார். புகார் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் போக வேண்டும். இதில் நம் சாலைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. செம்மஞ்சேரி சென்னை மாவட்டம், அடுத்த நாவலூரும் சிறுசேரியும் செங்கல்பட்டு மாவட்டம். கடை எந்த மாவட்டமோ அந்த அலுவலகம். உங்கள் வீடு பெரும்பாக்கத்தில் இருந்தாலும் சரி. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாவிட்டால் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு உட்காரும் உரிமையைக் காட்டலாம். கோழிக்கோட்டு ஜவுளிக் கடைப் பெண்கள் நாளெல்லாம் நிற்க முடியாது என்று தெருவில் இறங்கிப் பேச ஆரம்பித்தபோது அது சிரிப்புக்குரிய கோரிக்கையாக இருந்தது. 2018இல் கேரளம் அதைச் சட்டமாக்கியது. 2021இல் தமிழ்நாடு தன் கடைகள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்து எல்லா ஊழியருக்கும் இருக்கை தரச் சொன்னது. அந்தப் பெண்கள் இருக்கையை உடம்பின் தேவையாகக் கேட்டார்கள், அதனால் எல்லோருக்கும் கிடைத்தது. விடுமுறை நாளைத் தேர்வது பற்றி நம் மாநிலத்தில் இன்னும் அப்படி ஒரு பிரிவு இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும், வாரம் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதோடு நின்றுவிடுகின்றன. மாநிலக் கடைகள் சட்டத்தை அவை நீக்கவில்லை. இந்த அத்தியாயத்தில் சொன்ன 1947 சட்டப் பிரிவுகளைத் தாராளமாகக் காட்டலாம்.

24 மணி நேர அனுமதி மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுவது. அடுத்த முறை 2028இல் வரும். ஒவ்வொரு முறையும் வணிகர் அமைப்புகள் அரசிடம் பேசுகின்றன, தொழிலாளர் பக்கத்திலிருந்தும் யாராவது எழுத வேண்டும். கேட்பது ஒரே ஒரு வரிதான்: ஒவ்வொருவரின் வார விடுமுறை நாளும் மூன்று மாதத்துக்கு முன்கூட்டி நிர்ணயிக்கப்பட்டு, அவரைக் கேட்டு, பலகையில் ஒட்டப்பட வேண்டும். ஆணையில் ஏற்கனவே இருக்கும் பட்டியல் நிபந்தனையோடு அதைச் சேர்த்தால் போதும். மனுவைச் சென்னை தலைமைச் செயலகத்தில் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறைச் செயலாளருக்கும், நகலைத் தொழிலாளர் ஆணையருக்கும் விரைவுத் தபாலில் அனுப்பலாம். மனுவோடு உங்கள் கடையின் கடந்த மூன்று மாத டூட்டி சார்ட் படங்களை இணைத்தால் எடை கூடும். அதனால் இன்றே, இந்த வாரச் சார்ட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.